மாடி அறையில் சைக்கிள் ட்ரெயினர்: வெக்கையும் கீழ்வீட்டுப் புகாரும்

நண்பரே, மதுரை வில்லாபுரத்தில் மாடி வாடகை வீடு, சின்ன அறை, மேலே மொட்டைமாடி. ட்ரெயினரில், அதாவது சைக்கிளை மாட்டி வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் மிதிக்கும் ஸ்டாண்டில், ஏறிய கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டுகிறது, கீழ்வீட்டுக்காரரும் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொல்கிறார், ஏசி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஏசி இப்போதைக்கு வேண்டாம். ரோட்டில் எதிர்காற்று வியர்வையை உலர்த்திவிடும், அறையில் அது கிடையாது. சீலிங் ஃபேன், தளத்தில் தேங்கிய வெக்கையைத்தான் உங்கள் தலையில் இறக்கும். ஒரு பெடஸ்டல் ஃபேனை ஹேண்டில்பாருக்கு முன்னால், நெஞ்சைப் பார்த்து வையுங்கள். சித்திரை, வைகாசியில் விடியற்காலையில் ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம். சாயங்காலம் நம்ம ஊர்த் தளம் கொதித்துக் கிடக்கும்.

சத்தத்துக்கு முதலில் டயரைப் பாருங்கள். உங்களுடையது டயர் உருளையில் உரசும் வகை என்றால், பட்டன் டயர் (மேலே கட்டைகட்டையாகப் புடைத்திருக்கும் டயர்) ‘உர்ர்’ என்று உறுமத்தான் செய்யும். வழுவழுப்பான டயர் மாற்றி, காற்றை நன்றாக அடியுங்கள். அப்புறம், கீழ்வீட்டுக்கு இறங்குவது இரைச்சலைவிட அதிர்வுதான். யோகா மேட் பத்தாது, தடித்த ரப்பர் மேட் போடுங்கள். அறை நடுவில் தரை அதிகம் அதிரும்; சைக்கிளைச் சுவரோரம், கீழே பீம் ஓடும் பக்கம் நகர்த்துங்கள்.

ஹேண்டில்பாரில் ஒரு துண்டு அவசியம். வியர்வை உப்பு ஹெட்செட்டையும் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) போல்ட்டுகளையும் அரித்துவிடும். ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.