பிறவியிலேயே திரும்பாத கண்ணுக்குப் பயிற்சி எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு எட்டு மாதம். இடது கண் காதுப் பக்கம் திரும்புவதில்லை. மூக்குப் பக்கம் பார்த்தால் கண் சிறுத்து உள்ளே போகிறது. நரம்பைத் தூண்டும் பயிற்சி என்று சொல்லி ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா? கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று நான் வெளியே வந்ததுதான் காரணமா?
(வாசகி, அல்சூர், பெங்களூரு)

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது டுவேன் சிண்ட்ரோம் போலத் தெரிகிறது. கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்கு ஆறாவது மூளை நரம்பு வர வேண்டும். கருவின் இரண்டாம் மாதத்தில் அது உருவாகாமல் போக, கண்ணை மூக்குப் பக்கம் இழுக்கும் உள்தசைக்குரிய மூன்றாவது நரம்பின் கிளை அந்த வெளித்தசையில் வந்து சேர்ந்துவிடுகிறது. மூக்குப் பக்கம் பார்த்தால் இரண்டு தசையும் ஒன்றாக இழுக்கின்றன; கண் பின்வாங்குகிறது, இமை இடுங்குகிறது. இல்லாத நரம்பை எந்தப் பயிற்சி தூண்டும்? கிரகணத்தன்று நீங்கள் வெளியே வந்ததும் காரணமல்ல.

குழந்தையை மடியில் வைத்து ஒருவர் தலையை மெல்லப் பிடிக்கட்டும். ஒன்றரை அடி தூரத்தில் கிலுகிலுப்பையை இடமிருந்து வலமாக நகர்த்தி வீடியோ எடுங்கள். மருத்துவமனையில் குழந்தை அழுதால் அந்த வீடியோதான் கைகொடுக்கும். மிண்டோ போன்ற கண் மருத்துவமனையில் மாறுகண் பிரிவில் காட்டுங்கள். சொட்டு மருந்து போட்டு பவர் பார்க்கச் சொல்லுங்கள். காது கேட்கும் பரிசோதனையும் கேளுங்கள், சில குழந்தைகளுக்கு அதுவும் சேர்ந்து வரும்.

எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லாமலே ஸ்கேன் சென்டருக்குச் சீட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று: பழைய போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது நன்றாகத் திரும்பிய கண் இப்போது திரும்பவில்லையா? நேராகப் பார்க்கும்போதே மூக்கோரம் ஒதுங்கியிருக்கிறதா, மூக்குப் பக்கம் பார்த்தாலும் இமை இடுங்காமல்? வாந்தி, உச்சிக்குழி புடைப்பு, தலை வேகமாகப் பெரிதாவது உண்டா? இதில் ஒன்று இருந்தாலும் டுவேன் என்று சமாதானமாக இருக்காதீர்கள். ஆறாவது நரம்பு புதிதாகச் செயலிழந்திருக்கலாம். அன்றே குழந்தைகள் மருத்துவமனைக்குப் போங்கள். அப்போது ஸ்கேன் அவசியம்.

நேராகப் பார்க்கும்போது மாறுகண் தெரிந்தாலோ, கழுத்தைத் திருப்பியே பார்த்தாலோதான் பெரும்பாலும் ஆபரேஷன். உள்தசையைப் பின்னுக்கு நகர்த்தித் தைப்பார்கள். தலை நேராகும், கண் முழுதாக வெளியே திரும்பாது. "வெளித்தசையைச் சுருக்கி இறுக்கலாம்" என்று யாராவது சொன்னால் இன்னொரு நிபுணரிடம் கேளுங்கள். கண் இன்னும் உள்ளே இழுபடலாம்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் இதை அழகு சிகிச்சை என்று தள்ளப் பார்ப்பார்கள். கழுத்து கோணிப்போகும் குழந்தைக்கு என்ன அழகு சிகிச்சை! "தலையைத் திருப்பிப் பார்க்கிறாள்" என்பதை எத்தனை டிகிரி என்ற அளவோடு மருத்துவர் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அட்மிஷனுக்கு முன்பே அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.