விட்பியில் மீன் சாப்பிடப் போகிறீர்களா?

கோடை வந்தாலே இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரின் விட்பியைப் பற்றிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். கடலோர ஊர், சின்னது, மீன் கடைகள் ஏராளம், வரிசைகள் நீளம். இந்த முறை வந்தவற்றில் சில.

கேள்வி: லீட்ஸில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரை விட்பிக்கு அழைத்துப் போகிறோம். அவர் சுத்த சைவம். நாங்கள் மீன் சாப்பிடும்போது அவருக்கு வெறும் சிப்ஸ் (தடிமனாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு) வாங்கிக் கொடுத்தால் போதும்தானே?

பதில்: கேட்காமல் வாங்காதீர்கள். யார்க்‌ஷயரில் பல கடைகளில் மீனையும் சிப்ஸையும் பொரிப்பது எண்ணெயில் அல்ல, மாட்டுக் கொழுப்பில். பீஃப் ட்ரிப்பிங் என்பார்கள். அந்த மொறுமொறுப்பும் மணமும் வேறு எதிலும் வராது என்பது அந்தப் பக்கத்துக்காரர்களின் பெருமை. அதனால் சில கடைகள் பலகையிலேயே எழுதி வைத்திருக்கும். எழுதாத கடைகளும் உண்டு, அங்கேதான் சிக்கல்.

கடையில் உள்ள ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். சட்டப்படி தெரிவிக்க வேண்டிய பொருள்கள் 14. மீன், பால், முட்டை, கடுகு, எள் எல்லாம் அதில் வரும். மாட்டுக் கொழுப்பு வராது. ஆகவே இரண்டு கேள்வி கேளுங்கள். எதில் பொரிக்கிறீர்கள்? தாவர எண்ணெய் என்றால், மீன் பொரித்த அதே எண்ணெயா? அவர்களுக்கு இது பழகிய கேள்விதான், தயங்க வேண்டியதில்லை. தாவர எண்ணெய் என்று சொல்லிவிட்டுக் கொழுப்பில் பொரித்ததைக் கொடுத்தால், அது 1990-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னால், கடைகளைக் கண்காணிக்கும் உள்ளாட்சித் துறையான டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குப் புகார் போகும். ஹலால் பார்க்கும் வாசகர்களும் இதே கேள்விகளைக் கேட்பது நல்லது.

என்னைக் கேட்டால், அவரைச் சிப்ஸ் கடையில் உட்கார வைக்கவே வேண்டாம். ஏதாவது ஒரு கஃபேயில் ஜாக்கெட் பொட்டேட்டோ கிடைக்கும். தோலோடு அடுப்பில் சுட்ட முழு உருளைக்கிழங்கு, மேலே பீன்ஸ். காரம் இருக்காது, ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் 64 பவுண்டுக்குச் சாப்பிட்டோம். பில்லில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்து 72 பவுண்டு போட்டிருந்தார்கள். கேட்கக் கூச்சப்பட்டுக் கட்டிவிட்டோம். கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: மெனுவிலோ பில்லிலோ அது 'விருப்பத்துக்கு உட்பட்டது' என்று இருந்தால் இல்லை. பெரும்பாலும் அப்படித்தான் பொடி எழுத்தில் இருக்கும். எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுவார்கள், காரணமும் சொல்ல வேண்டியதில்லை. கட்டாயக் கட்டணம் என்றால் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே தெளிவாகத் தெரிவித்திருக்க வேண்டும்.

ஆனால் பரிமாறியவர் நன்றாகக் கவனித்தார் என்றால் நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுக்க ஊழியர்களுக்கே போக வேண்டும் என்பது சட்டம். வரிப் பிடித்தம் தவிர முதலாளி அதில் கை வைக்க முடியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும்போது கார்டு மெஷின் மறுபடி டிப்ஸ் கேட்டால், வேண்டாம் என்று அழுத்திவிட்டுப் போகலாம். கவுன்டரில் பொட்டலம் வாங்கினால் டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள்.

மெனுவில் போட்ட விலையிலேயே 20 சதவீத வாட் வரி அடக்கம். நம் ஊர் போலக் கடைசியில் ஜிஎஸ்டி வந்து ஒட்டிக்கொள்ளாது. அப்புறம், மது விற்க உரிமம் உள்ள இடங்களில் கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தந்தாக வேண்டும். வெறும் தண்ணீர் என்று கேட்காதீர்கள், பாட்டில் வந்துவிடும். டாப் வாட்டர் என்று சொல்லுங்கள்.

கேள்வி: விட்பி மீன் என்றால் அன்று காலை பிடித்ததா?

பதில்: அநேகமாக இல்லை. யார்க்‌ஷயரில் பொரிப்பது பெரும்பாலும் ஹேடாக் என்ற கடல்மீன். அதில் பெரும்பகுதி வட அட்லாண்டிக்கின் தொலைகடலில் பிடித்து, கப்பலிலேயே உறைய வைத்து வருவது. அதனால் சுவை குறைந்துவிடாது, ஆனால் 'ஊர் மீன்' என்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள். விட்பிப் படகுகள் இப்போது முக்கியமாகக் கொண்டுவருவது நண்டும் சிங்கிறாலும். உள்ளூர்ச் சரக்குதான் வேண்டும் என்றால், சதையை எடுத்துச் சுத்தம் செய்து ஓட்டிலேயே நிரப்பித் தரும் 'டிரெஸ்டு கிராப்' வாங்குங்கள். ஆனால் அதில் மசாலா இருக்காது. நம் நண்டு வறுவலை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

கேள்வி: மீன் உள்ளே வேகாமல் இருந்தது. பாதி சாப்பிட்ட பிறகுதான் கவனித்தோம். பணம் கொடுக்காமல் எழுந்து வந்திருக்கலாமா?

பதில்: அப்படிச் செய்யாதீர்கள். பணம் கொடுக்காமல் நழுவுவது அங்கே குற்றமாகப் பார்க்கப்படும். பார்த்த உடனே சாப்பிடுவதை நிறுத்தி, தட்டைக் காட்டி மாற்றித் தரக் கேளுங்கள். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி உணவு திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும். மாற்றித் தரவில்லையா, அந்தத் தட்டின் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒத்துவரவில்லை என்றால், ஆட்சேபத்தோடு கட்டுவதாகச் சொல்லிக் கட்டி, ரசீதும் போட்டோவும் வைத்துக்கொண்டு பிறகு எழுத்தில் கேளுங்கள்.

வாசலில் பச்சையும் கறுப்புமாக 0 முதல் 5 வரை எண் போட்ட ஸ்டிக்கரையும் பார்த்துவிட்டு உள்ளே போகலாம். அது சுகாதாரத்துக்கான மதிப்பெண், ருசிக்கானது அல்ல. வேல்ஸில் அதை ஒட்டியே ஆக வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. மதிப்பெண் குறைந்த கடைக்காரர் ஏன் ஒட்டப்போகிறார்? ஸ்டிக்கர் இல்லாவிட்டால் ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சி என்ற அரசு உணவுத் தர அமைப்பின் இணையதளத்தில் கடைப் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

கேள்வி: கடற்பறவை மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கடைக்காரர் வேறு தர வேண்டுமா?

பதில்: இல்லை. கையில் வாங்கிய பிறகு அது உங்கள் பொறுப்பு. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, பெட்டியை மூடி மூடிச் சாப்பிடுங்கள்.