கொட்டிலில் நிற்கும் மொறிஸ் மைனர் பிக்கப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் பெரியப்பா விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்று எங்கள் வளவுக் கொட்டிலில் பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. பதிவுப் புத்தகத்தில் 1963 என்று குறிக்கப்பட்டுள்ளது. வார இறுதிகளில் நானே வேலை செய்து அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். புதிய பற்றறி ஒன்றை வாங்கி, முதலில் என்ஜினை இயக்கிப் பார்க்கலாமா?
– வாசகர், உடுவில்

பதில்: என்ஜினின் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை எவருக்கும் எழக்கூடியதே. ஆயினும் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். என்ஜின் ஓடத் தொடங்கியதும் வாகனத்தை ஒருமுறை ஒழுங்கை வரையாவது ஓட்டிப் பார்க்க மனம் வரும். அந்த நேரத்தில் நிறுத்தவும் திருப்பவும் வேண்டிய பாகங்கள் கைபடாமலே இருக்கும். முதலில் செசி (வாகனத்தின் அடிச்சட்டம்), அடுத்து முன்சில்லுத் தாங்கிகள், பிறகு பிரேக், அதன் பின்னரே என்ஜின் என்ற வரிசையில் செல்லுங்கள். நிறப்பூச்சும் இருக்கை உறையும் மிகக் கடைசியில் வர வேண்டியவை.

மைனர் காருக்குத் தனிச் செசி கிடையாது. அதன் உடலே செசியாகவும் அமைந்தது. 1953இல் வெளிவந்த பிக்கப்பும் வானும் பாரம் ஏற்றுவதற்கானவை என்பதால் அவற்றுக்குத் தனிச் செசி கொடுக்கப்பட்டது. அந்தச் செசியின் பெட்டி வடிவத் தண்டுகளுக்குள் சேறும் ஈரமும் தங்கி, வெளியே நன்றாகத் தோன்றும் இடம்கூட உள்ளே உக்கியிருக்கலாம். சிறு சுத்தியலால் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே செல்லுங்கள். ஒலி மந்தமாகும் இடத்தில் கூரான கம்பியால் குத்திப் பாருங்கள். குறிப்பாகப் பின் வில்லுத்தகடுகள் பொருத்தப்பட்டுள்ள இடங்களை நன்றாகச் சோதிக்க வேண்டும். உக்கிய பகுதியை நல்ல உருக்கு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து ஒட்ட வேண்டுமே தவிர, புட்டி பூசி மறைத்தல் கூடாது. ஒட்டு வேலைக்கு முன்னர் பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தொலைவில் வைத்துவிடுங்கள். வெறுமையான தாங்கியில் எஞ்சியிருக்கும் ஆவியே வெடிக்கக்கூடியது.

அடுத்தது முன்சில்லுத் தாங்கி. மைனரின் ஒவ்வொரு முன்சில்லுத் தாங்கியும் மேலும் கீழுமாக இரண்டு ட்ரனியன்களில் (மரை வெட்டிய இணைப்புத் துண்டுகள்) மரை மூலம் பொருத்தப்பட்டுத் திரும்புகிறது. கிறீஸ் கிடைக்காத மரை தேய்ந்துகொண்டே வந்து, ஒரு நாள் கீழ் ட்ரனியனிலிருந்து முழுதாகப் பிய்ந்துவிடும். சில்லு மட்கார்டுக்குள் மடங்கி, வாகனம் முன்மூலையில் வீதியில் விழும். மெதுவாகத் திருப்பும்போது இது நேர்ந்தால் தப்பிக்கொள்ளலாம், ஏ-9 வீதியில் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. முன்பகுதியை ஜக்கினால் உயர்த்தி உறுதியான தாங்கிகளில் நிறுத்தி (செங்கல்லும் அரிகல்லும் ஒருபோதும் வேண்டாம்), சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மரையில் ஆட்டம் தெரிந்தால் முன்சில்லுத் தாங்கியையும் ட்ரனியனையும் சேர்த்து மாற்றுங்கள். வலப்பக்க மரையும் இடப்பக்க மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை என்பதால் வாங்கும்போது பக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். பின்னர் 1,000 மைலுக்கு ஒருமுறை, சில்லு தரையில் படாமல் உயர்த்திய நிலையில் கிறீஸ் அடியுங்கள். பாரம் நீங்கினால்தான் கிறீஸ் மரை முழுவதும் பரவும்.

பிரேக்கில் முன்சில்லுக்கு இரண்டும் பின்சில்லுக்கு ஒன்றுமாக ஆறு சில்லுச் சிலிண்டர்களும், மூன்று ரப்பர் குழாய்களும், ஒரு மாஸ்ரர் சிலிண்டரும் உள்ளன. எல்லாம் ஒரே சுற்றில் இயங்குவதால் ஓரிடத்தில் ஒழுகினாலும் நான்கு சில்லுகளிலும் பிரேக் போய்விடும். ஆகவே ஒழுகுவதை மட்டும் மாற்றுவது போதாது. ஆண்டுக்கணக்கில் நின்ற வாகனத்தில் அனைத்தையும் ஒரே முறையில் புதுப்பியுங்கள். மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே செசித் தண்டுக்குள் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் ஆணிகளை வெளியே இழுக்க முடியாதபடி, வில்லாகச் செயல்படும் முன்பக்க முறுக்குத் தண்டு குறுக்கே நிற்கும் என்பதால், அந்தத் தண்டைத் தளர்த்தி நகர்த்த வேண்டியிருக்கும். அதில் பெரும் விசை அடங்கியுள்ளது. செய்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பொருத்தும்போது ஆணிகளை மறுபக்கத்திலிருந்து செலுத்தினால் அடுத்த முறை இந்தத் தொல்லை இராது. ட்ரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள்.

இவை முடிந்தபின் என்ஜினுக்கு வாருங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது ஒயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டுக் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றுமானால் பழைய ஒயிலை வடித்து 20டபிள்யூ-50 ஒயிலை நிரப்புங்கள். தாங்கியில் பிசினாகிப்போன பெற்றோலை முற்றாக வெளியேற்றுங்கள். வால்வு இடைவெளி, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலமும், பொயின்ற் (மின்பொறிக்கான தொடுமுனைகள்) இடைவெளி 0.015 அங்குலமும் இருக்க வேண்டும். பிளக்குகள் இல்லாமலே ஸ்ராட்டரால் சுற்றி, ஒயில் அழுத்த விளக்கு அணைந்ததைக் கண்ட பின்னரே பிளக்குகளைப் பூட்டி இயக்குங்கள்.

கேள்வி: எங்கள் 948 சிசி பிக்கப் 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. இன்று பெற்றோலில் ஓடினாலும் இழுவை இல்லை, நீலப் புகை வருகிறது. அந்த மண்ணெண்ணெய்தான் காரணமா?
– வாசகர், கரவெட்டி

பதில்: பெரும்பாலும் அதுவும் ஒரு காரணமாக இருக்கும். சில துளி பெற்றோலைக் கொடுத்து என்ஜினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நோயாளரையும் நெல்மூட்டையையும் ஏற்றிச்சென்ற வாகனங்கள் இவை. அந்த நாட்களில் கையிலிருந்த பொருட்களைக் கொண்டு இவற்றை ஓடவைத்த நமது மெக்கானிக்குகளின் அறிவு எழுதிவைக்கப்படவேண்டியது. அவர்களில் பலர் இப்போது முதுமையில் இருக்கிறார்கள், கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் வாய்ப்பிருக்கிறது.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாவதில்லை. ஆவியாகாத பகுதி சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, சம்பிலுள்ள (என்ஜினின் அடியிலுள்ள ஒயில் தட்டு) ஒயிலை மெலிதாக்கும். சுவரும் வளையமும் தேய்வதோடு கிராங்க் பெயாரிங்குகளும் தேயும். ஒக்ரேன் குறைந்த எரிபொருள் என்பதால் 8.3:1 என்ற அமுக்க விகிதமுள்ள 948 என்ஜினில் தட்டலும் (எரிபொருள் முறைதவறி எரியும் ஒலி) கேட்டிருக்கும்.

ஆயினும் என்ஜினைப் பிரிக்குமுன் அளந்து பாருங்கள். என்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, அக்சிலறேற்றரை முழுதாக அமர்த்தியபடி ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அமுக்கமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நான்கும் ஏறத்தாழச் சமமாக இருப்பது, அளவு உயர்ந்திருப்பதைப் போலவே முக்கியமானது. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளக்கும்போது அமுக்கம் ஏறினால் குறை வளையத்திலும் சுவரிலும் உள்ளது. ஏறாவிட்டால் வால்வில் உள்ளது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைந்திருந்தால் அவற்றுக்கிடையே ஹெட் காஸ்கெற் (சிலிண்டர் ஹெட்டின் கீழுள்ள அடைப்புத் தகடு) எரிந்திருக்கலாம், அது ஒரு நாள் வேலைதான். மைனரில் ஒயில் அழுத்தத்துக்கு விளக்கு மட்டுமே உள்ளதால், தற்காலிகமாக ஓர் அழுத்தமானியை இணைத்துச் சூடான நிலையில் பாருங்கள்: ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அளவிலும், ஐடிலில் 15 அளவிலும் இருந்தால் பெயாரிங்குகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சுவர்தான் தேய்ந்திருக்கிறது என்று உறுதியானால் லேத் பட்டறையில் துளையைப் பெருப்பித்து, அளவு கூடிய பிஸ்ரன்களைப் போடுங்கள். வளையங்களை மட்டும் மாற்றிப் பணத்தை மிச்சப்படுத்த வேண்டாம். முட்டை வடிவில் தேய்ந்த துளையில் புது வளையம் ஒருபோதும் முழுதாகப் படியாது.

கேள்வி: ஈயமில்லாப் பெற்றோலால் மைனரின் வால்வுகள் எரிந்துவிடும் என்கிறார்களே?
– வாசகர், வவுனியா

பதில்: இலங்கையில் 2002இலிருந்து ஈயம் கலந்த பெற்றோல் விற்கப்படுவதில்லை, மைனர்களோ ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஈயம் இல்லாதபோது வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டப்பட்ட எக்ஸோஸ்ற் வால்வு இருக்கை நீண்டநேர வேகமான ஓட்டத்தில் தேய்ந்து பள்ளமாகும். நகருக்குள் மெதுவாக ஓடும் வாகனத்தில் இது மிகத் தாமதமாகவே நிகழும். எக்ஸோஸ்ற் வால்வுகளின் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வருவதைக் கண்டால், அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது கடினமான உருக்கு இருக்கைகளைப் பதித்துக்கொள்ளுங்கள். அதுவரை ஹெட்டைத் தொடவேண்டாம்.

கேள்வி: எங்கள் மைனர் பிக்கப்பின் 1098 சிசி என்ஜினை நீக்கிவிட்டு நிசான் ஏ12 என்ஜினும் கியர் பெட்டியும், முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக்கும் போட விரும்புகிறேன். இது நல்ல யோசனையா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: செய்ய முடியும், மைனருக்குள் அந்த என்ஜினை இருத்திய பலர் வெளிநாடுகளிலும் உள்ளனர். முதலாம் கியரிலும் சிங்கிறோமெஷ் (கியர்கள் உரசாமல் மாற உதவும் அமைப்பு) உள்ள கியர் பெட்டி கிடைப்பது உண்மையான நன்மை. ஆனால் உங்கள் 1098 நல்ல நிலையில் இருந்தால் அதை நீக்காதீர்கள் என்பதே என் கருத்து. 48 குதிரைவலு, பாரம் ஏற்றிய பிக்கப்புக்கு நம் வீதிகளில் போதுமானது. அதற்கான பாகங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. தென்னிலங்கையில் செய்யப்பட்ட மைனர் பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகியுள்ளன.

மாற்றுவதென்று முடிவு செய்தால் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் பிரேக், பிறகு என்ஜின். டிஸ்க் பிரேக்கைப் பழைய மாஸ்ரர் சிலிண்டரோடு அப்படியே இணைக்கக்கூடாது. ட்ரம் பிரேக்குக்காக அதனுள் வைக்கப்பட்டுள்ள சிறு வால்வு, குழாயில் எப்போதும் சிறிதளவு அழுத்தத்தைத் தக்கவைக்கிறது; அது டிஸ்க்கைச் சதா உரசிக்கொண்டிருக்கச் செய்து சூடேற்றும் என்பதால் அகற்றப்பட வேண்டும். டிஸ்க்குக்குக் கால் அழுத்தமும் கூடுதலாகத் தேவைப்படுவதால் சேர்வோ (கால் அழுத்தத்தைப் பெருக்கும் கருவி) ஒன்றையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். இவ்வளவும் வேண்டாம் என்றால் எளிய வழி உண்டு. 1962இல் 1098 வந்தபோது மைனர் காரின் முன் ட்ரம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கப்பட்டது. அந்த 8 அங்குல அமைப்பை நன்றாகப் புதுப்பித்துச் சரியாக அஜஸ்ற் செய்தால், மாற்றியமைக்காத என்ஜினுக்கு அது தாராளமாகப் போதும்.

கியர் பெட்டிக்கு இடமெடுக்கக் குறுக்குத் தண்டை வெட்டினால், அந்தப் பலத்தை வேறு தண்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கழற்றிய என்ஜினை விற்றுவிடாமல் ஒயில் தடவி மூடி வையுங்கள். என்ஜின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ளதால், மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் வீதியில் இறக்கக்கூடாது; விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைகொடுக்காது.

கேள்வி: முன்விளக்குகள் மங்கலாக எரிகின்றன. ஹலஜன் குமிழ்கள் போடுவதற்காக டைனமோவை நீக்கி அல்ரனேற்றர் பூட்டலாமா?
– வாசகர், மன்னார்

பதில்: முதலில் விளக்குகளின் பூமி இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து பாருங்கள், மங்கலுக்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும். அதன் பிறகும் ஹலஜன் வேண்டுமென்றால், இரண்டு 55 வாற் குமிழ்களுக்கு மட்டும் ஏறத்தாழ 9 அம்பியர் தேவை. லூக்காஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் 22 அம்பியர் தரும், ஐடிலில் அநேகமாக எதையும் தராது. எனவே இரவில் அடிக்கடி ஓடுபவருக்கு அல்ரனேற்றர் நியாயமான மாற்றமே. குமிழ்களுக்கு றிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிற்ச்) வைத்து மின்சாரத்தை நேரே கொடுங்கள்; பழைய சுவிற்சின் வழியாக அதைச் செலுத்தினால் சுவிற்ச் உருகும்.

மைனரில் பற்றறியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். சாதாரண அல்ரனேற்றருக்கோ எதிர்முனை உடலோடு இருக்க வேண்டும். ஆகவே அல்ரனேற்றரை இணைக்குமுன் பற்றறியைத் திருப்பி, இக்னிசன் கொயிலின் இரு சிறு வயர்களையும் இடம் மாற்றுங்கள். வானொலியோ மின்னணு இக்னிசனோ இருந்தால் அவற்றை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். பெற்றோல் பம்பு பழைய பொயின்ற் வகையாக இருந்தால் தொடவேண்டியதில்லை. மின்னணு வகையாக இருந்தால் எந்த முனைக்கு உரியது என்று அதன் மேலுள்ள குறிப்பைப் பாருங்கள். வேலை முடிந்ததும் பற்றறிக்குப் பக்கத்தில் “எதிர்முனை உடலுடன்” என்று அழியாத மையில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்து பற்றறியை மாற்றும் மெக்கானிக் இதை மைனர் என்று கண்டு பழைய முறையில் இணைத்தால், அல்ரனேற்றரின் டயோட்டுகள் அக்கணமே எரிந்துபோகும்.