நுளம்புக் கடியா, கொப்புளிப்பானா? மிஸியிடம் (தாதியிடம்) கேளுங்கள்

பரந்தன், ஒரு தாய்: மிஸி, மகனுக்கு நேற்றிரவு காய்ச்சல். இன்று நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புப் புள்ளிகள். நுளம்பு கடித்ததா, அம்மாள் வருத்தமா?

பள்ளிக்கூடம் அனுப்பாமல் வைத்துப் பாருங்கள் அம்மா. நுளம்புக் கடி சட்டை மூடாத கை, காலில்தான் கூடுதல். நீங்கள் சொல்லும் அம்மாள் வருத்தம், அதாவது கொப்புளிப்பான் (சின்னம்மை), பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, முகத்தில் தொடங்கும். தலைமயிரை விலக்கிப் பாருங்கள், அங்கும் போடும், வாய்க்குள்ளும் போடும். புள்ளி தடித்து, நீர் கோத்து, பிறகு காய்ந்து பொருக்குக் கட்டும். நாலைந்து நாள் புதிது புதிதாக வந்துகொண்டிருக்கும். அதனால் ஒரே முதுகில் புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் கலந்து கிடக்கும். நான் முதலில் தேடுவது அதைத்தான். உள்ளங்கை, உள்ளங்கால், வாய் என்று மட்டும் கொப்புளம் இருந்தால் அது பெரும்பாலும் வேறு வருத்தம்.

ஒட்டுசுட்டான்: போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வந்தது. எங்கள் பிள்ளை தப்பிவிட்டதா?

இப்போதே சொல்ல முடியாது. தொற்றிய பின் 10 தொடக்கம் 21 நாளுக்குள் வெளியே தெரியும். கொப்புளம் போட ஓரிரு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்றும், கடைசிக் கொப்புளமும் பொருக்குக் கட்டும் வரை தொற்றும். 2009இல் போரில் இடம்பெயர்ந்தோர் இருந்த செட்டிகுளம் முகாம்களில் நெருக்கத்தில் இது எப்படிப் பரவியது என்பது நம் சனத்துக்குத் தெரியும்.

மாங்குளம்: வேப்பிலை கட்டியாயிற்று, இனி மருந்து கூடாது, குளிக்கவும் கூடாது என்கிறார் மாமி.

வேப்பிலை இருக்கட்டும், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்தும் வையுங்கள். அதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள். காய்ச்சலுக்கு நிறைக்கேற்ற அளவில் பனடோல். அஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது, ஈரலையும் மூளையையும் தாக்கலாம், இபுபுரூஃபனும் வேண்டாம். இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டலாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், சொறிந்த இடம்தான் சீழ் கட்டும். மூச்சு வாங்கினால், விடாமல் சத்தி எடுத்தால், மயங்கினாற்போல் கிடந்தால், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

புதுக்குடியிருப்பு: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி, எனக்கு இது வந்ததில்லை. அக்காவின் பிள்ளைக்கு வந்திருக்கிறது, நேற்று தூக்கினேன்.

தங்கச்சி, கொப்புளம் வரும்வரை காத்திராமல் இன்றைக்கே வைத்தியரைப் பாருங்கள். எதிர்ப்புச் சக்தி உண்டா என்று இரத்தத்தில் பார்க்கலாம். பாதுகாப்புச் சிகிச்சை தேவைப்பட்டாலும் அது முதல் நாட்களில்தான் நல்லது. குடும்பநல உத்தியோகத்தருக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள்.

நெடுங்கேணி: எனக்கு 35 வயது. பெரியவர்களுக்கும் வருமா?

வரும் தம்பி, கடுமையாகவும் வரும். நியூமோனியா வரலாம், புகைப்பவர்களுக்கு ஆபத்துக் கூட. வைரஸ் எதிர்ப்பு மருந்தை முதல் கொப்புளம் கண்ட 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்; அன்றைக்கே போய்விடுங்கள்.