அகலம் குறைந்தால் தலை சிறியதா?

கேள்வி: முதல் பிள்ளை, 28 வாரம். நேற்று எடுத்த ஸ்கேனில் குழந்தையின் தலை 26 வார அளவுதான் என்றார்கள். குழந்தை தலை மேலே, கால் கீழே இருக்கிறதாம். நான் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்கிறார் மாமியார். புத்தி மந்தமாகிவிடுமோ? முதல் ஸ்கேன் ஐந்தாம் மாதம்தான் எடுத்தேன். குமட்டலுக்குப் புகையிலை வைத்த வெற்றிலை போடுகிறேன். ஸ்கேன் தாளை இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, யாங்கூன்

பதில்: அன்புத் தங்கைக்கு, தாளைப் பார்த்தேன். 26 வாரம் என்று காட்டுவது பி.பி.டி. மட்டும்: 66 மில்லிமீட்டர். அது தலையின் அகலம். அடுத்த வரியில் எச்.சி. என்று இருக்கிறதே, அதுதான் தலைச் சுற்றளவு: 256 மில்லிமீட்டர். 28 வாரத்தில் ஏறக்குறைய 240 முதல் 280 வரை இருப்பது இயல்பு. உங்கள் பிள்ளை நடுவில்தான் இருக்கிறது.

அகலம் ஏன் குறைந்தது? தலை மேலே இருக்கும் குழந்தைகளுக்குத் தலை சற்று ஒடுங்கி நீண்டிருப்பது உண்டு. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டாததால் வளைந்து கொடுக்கும். நீளம் கூடி ஈடுகட்டுவதால் மூளைக்கு இடம் குறையாது. அப்புறம், 14 வாரத்துக்குள் ஸ்கேன் எடுக்காததால் உங்கள் வாரக்கணக்கே பத்து நாள் முன்பின் இருக்கலாம்.

அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, முடிந்தால் அதே இடத்தில், மறுபடி ஸ்கேன் எடுங்கள். ஒரு நாள் அளவை விட, சுற்றளவு வாரத்துக்கு வாரம் கூடுகிறதா என்பதே பெரிது. மூளையின் நீர் அறைகள் 10 மில்லிமீட்டருக்குள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். சுற்றளவு தொடர்ந்து பின்தங்கினால் சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டும். அசைவு குறைந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: வயிற்றில் குழந்தைக்கு ஊட்டம் போதாதபோது, உடல் மூளைக்குத்தான் முதலில் இரத்தத்தை அனுப்பும். பெரும்பாலும் வயிற்றுச் சுற்றளவு முதலில் குறையும், தலை அப்புறம்தான். உங்கள் தாளில் வயிற்றளவு சரியாகவே இருக்கிறது. இந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டாம்.

எனக்குக் கவலை தந்தது அந்த வெற்றிலைதான். புகையிலையை இன்றோடு விடுங்கள், தங்கச்சி. அதன் நிக்கோட்டின் குழந்தைக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும், எடையையும் குறைக்கும். குமட்டலுக்கு இஞ்சி போதும். நிற்காவிட்டால் மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள். சமையலுக்கு அயோடின் உப்புதானா என்று பொட்டலத்தைப் பாருங்கள். குழந்தையின் மூளைக்கு அது தேவை.

சில குடும்பங்களில் தலையே சிறிதாக இருக்கும். அடுத்த ஸ்கேனுக்கு முன் தையல் டேப்பால் உங்கள் தலையையும் கணவர் தலையையும் அளந்து, மருத்துவரிடம் சொல்லுங்கள்.