கையால் சுற்றிப் பாருங்கள்: றேஸ் போட் ஷாஃப்ட் பற்றிச் சில கேள்விகள்

வவுனிக்குளத்தில் என் றிமோட் றேஸ் போட்டை ஓட்டினால் இரண்டு நிமிடத்தில் மோட்டர் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. மோட்டரைக் குளிரவைக்கும் தண்ணீர்க் குழாய் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. மோட்டர் பழுதா? (மல்லாவி)

மோட்டரைக் குறை சொல்ல முதல் பற்றறியைக் கழற்றிவிட்டுக் கப்ளர் (மோட்டரையும் ஷாஃப்டையும் இணைக்கும் துண்டு) ஸ்குரூவை இளக்குங்கள். புரொப்பெல்லரைச் சுற்றும் ஷாஃப்டை, அதாவது முறுக்குக் கம்பிக் கேபிளை, புரொப்பெல்லர் பக்கம் பிடித்து இரண்டு விரலால் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இறுகி, பிறகு இளகினால் கேபிள் வளைந்துவிட்டது. சுற்று முழுக்க இறுக்கமென்றால் கேபிள் ஓடும் பித்தளைக் குழாயைப் பாருங்கள். எங்கோ சட்டென்று மடிந்திருக்கும், அல்லது உள்ளே இருக்கும் டெஃப்லான் குழாய் நசிந்திருக்கும்.

இரண்டும் இல்லையென்றால் கப்ளரை இறுக்கி மறுபடி சுற்றுங்கள். மோட்டரின் காந்தம் கட்டம் கட்டமாகப் பிடிப்பது இயல்பு, அதை இறுக்கம் என்று நினைக்க வேண்டாம். அதற்கு மேலும் ஒரு கனம் தெரிந்தால் மோட்டரும் குழாயும் ஒரே கோட்டில் இல்லை. மோட்டர் தாங்கியின் ஸ்குரூக்களை இளக்குங்கள். ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே மோட்டரை மெல்ல அசையுங்கள். சுற்று இலேசாகும் இடம் விரலுக்கே தெரியும். அந்த இடத்தில் இறுக்குங்கள். உயரம் போதாவிட்டால் சோடாத் தகரத்தில் ஒரு துண்டு வெட்டித் தாங்கியின் அடியில் வையுங்கள். என்னிடம் சூடாகிறது என்று கொண்டுவந்த போட்டுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலையிலேயே சரியாகியிருக்கின்றன.

ஸ்ட்ரட்டுக்கும் (பின்னால் ஷாஃப்டைத் தாங்கும் துண்டு) டிரைவ் டாக்குக்கும் (புரொப்பெல்லரைக் கவ்விச் சுற்றும் துண்டு) நடுவே இடைவெளி விடச் சொல்கிறார்கள். ஆட்டம் இல்லாமல் ஒட்டி வைப்பதுதானே நல்லது? (ஒட்டுசுட்டான்)

ஒட்டி வைக்கவே கூடாது. பிளெக்ஸ் கேபிள் என்பது கம்பிகளைச் சுற்றிச் சுற்றி முறுக்கிய கயிறு. மோட்டர் முழு வேகத்தில் இழுக்கும்போது முறுக்கு இறுகி, கேபிள் நீளத்தில் குறுகும். புரொப்பெல்லரின் தள்ளலும் அதை முன்னுக்கு அமுக்கும். இடைவெளி இல்லாவிட்டால் டிரைவ் டாக் போய் ஸ்ட்ரட்டின் உள்வளையமான புஷ்ஷில் உராயும். என் முதல் போட்டில் நானும் ஒட்டித்தான் வைத்தேன். கரைக்கு வந்தபோது புஷ் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. கேபிளின் தடிப்பளவு இடைவெளி விடுங்கள். 4.76 மில்லிமீற்றர் கேபிளுக்கு 4 முதல் 5 மில்லிமீற்றர் போதும். ஓடிவிட்டு வந்து அதே இடைவெளியை மறுபடி அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் கப்ளர் வழுக்குகிறது.

மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றியது. ஷாஃப்ட் பிரிந்து கம்பி கம்பியாகிவிட்டது. (மாங்குளம்)

கேபிளின் வெளிச்சுற்று ஒரு பக்கம் சுற்றினால் இறுகும், மறுபக்கம் சுற்றினால் விரியும். விரிந்தால் குழாய்க்குள் வீங்கிச் சிக்கிவிடும். அது இனி உதவாது, புதிது போடுங்கள். மோட்டரின் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் திசை மாறும். திசை பார்க்கும்போது புரொப்பெல்லரைக் கட்டாயம் கழற்றி வையுங்கள். தீட்டிய புரொப்பெல்லர் கத்தி மாதிரி விரலை வெட்டும்.

நந்திக்கடலில் ஓட்டுகிறேன். கிறீஸ் எத்தனை நாளுக்கு ஒருமுறை? (முள்ளியவளை)

நாள் கணக்கே இல்லை. ஓட்டம் முடிந்த அன்றே ஷாஃப்டை முழுதாக உருவி, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, படகுக்குரிய கிறீஸ் பூசுங்கள். உப்பு ஒரு இரவிலேயே கேபிளில் துரு பிடிக்க வைத்துவிடும். குழாய்க்குள்ளும் துணி விட்டுத் துடையுங்கள்.

கச்சான் காற்றுக் காலத்தில் மூக்கு தூக்கிப் போட் கவிழ்கிறது. ஸ்ட்ரட்டை எந்தப் பக்கம் சரிப்பது? (கிளிநொச்சி)

முதலில் பற்றறியை ஒரு விரல் அகலம் முன்னுக்கு நகர்த்துங்கள். போதாவிட்டால் ஸ்ட்ரட்டின் பின்முனையை மிகக் கொஞ்சம் கீழே சரியுங்கள். அப்போது தள்ளல் பின்பக்கத்தைத் தூக்கும், மூக்கு இறங்கும். பின்முனையை மேலே சரித்தால் மூக்கு தூக்கும். தொடக்க நிலையாக ஷாஃப்டின் நடுவைப் போட்டின் அடிமட்டத்துக்குச் சமமாக வையுங்கள். ஒரு தடவைக்கு அரை மில்லிமீற்றருக்கு மேல் மாற்றவே வேண்டாம், எது வேலை செய்தது என்று பிறகு தெரியாமல் போகும். இரணைமடு அலைகரையில் காற்றுக்கு எதிராக ஓட்டித்தான் நான் இதைப் பார்ப்பேன். காலையில் குளம் கண்ணாடி மாதிரி இருக்கும்போது எந்தப் போட்டும் நன்றாகத்தான் ஓடும்.

40இலிருந்து 45 மில்லிமீற்றர் புரொப்பெல்லருக்கு மாறலாமா? (வவுனியா)

ஒரே சுழல் வேகத்தில், ஒரே வடிவத்தில், சுமை விட்டத்தின் ஐந்தாம் மடியாகக் கூடும். 40இலிருந்து 45 என்றால் சுமை ஏறக்குறைய 80 வீதம் அதிகம். மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர் புகைவிடும். 42க்குப் போய் மூன்று நிமிடம் ஓட்டி, மோட்டரையும் பற்றறியையும் தொட்டுப் பாருங்கள். ஒக்டூரா என்ற கம்பனியின் எக்ஸ் 442 என்ற புரொப்பெல்லர் எண்ணில் 42 விட்டம், முன்னுள்ள 4 புரியிடை விகிதம் (ஒரு சுற்றுக்கு முன்னேற வேண்டிய தூரம் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) 1.4 என்பதைக் குறிக்கும். அந்தப் புரொப்பெல்லரின் உலோகத்தில் பெரிலியம் கலந்திருக்கிறது. அரத்தால் தீட்டினால் அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு, ஆகவே தண்ணீர் விட்டுத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள்.

நடுக்குளத்தில் போட் நின்றுவிட்டது. நீந்திப் போய் எடுத்தேன். (முத்தையன்கட்டு)

தயவுசெய்து இனி நீந்தாதீர்கள். நம்முடைய குளங்களில் முதலை இருக்கிறது. தூண்டில் தடியில் டென்னிஸ் பந்து கட்டி, போட்டுக்கு அப்பால் விழும்படி எறிந்து, நூலைப் போட்டில் படவிட்டு இழுங்கள். எட்டாவிட்டால் தோணிக்காரரைக் கேளுங்கள். கரைக்கு வந்ததும் டிரைவ் டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே பாருங்கள். தங்கூசி நூல் சுற்றியிருக்கும். இழுத்து அறுத்தால் ஒரு துண்டு புஷ்ஷுக்குள் தங்கிவிடும். ஷாஃப்டை உருவித்தான் அதை எடுக்க வேண்டும்.