மூன்றாவது டவுன், ஒரு கஜம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து பேர், அதாவது ஆஃபென்சிவ் லைன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். "சாக் விழுந்ததும் லைனைத் திட்டாதீர்கள், அந்த நேரத்தில் என்ன ப்ளே சொல்லப்பட்டது என்று முதலில் பாருங்கள்" என்று அதில் ஒரு வரி. (சாக் என்றால் எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கை எதிரணி வீழ்த்துவது; ப்ளே என்றால் அந்த முறை என்ன ஆடவேண்டும் என்ற திட்டம்.) எனக்கு அது ஒப்பவில்லை.

நாங்கள் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் பல வருடங்களாக இருக்கிறோம். எங்கள் ஊர் அணி ஃபால்கன்ஸ் தோற்ற அந்த 2017 பிப்ரவரி சூப்பர் பவுலை, அதாவது லீக்கின் இறுதி ஆட்டத்தை, நண்பர் வீட்டில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தோம். 28-3 என்று முன்னிலை. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், 34-28 என்று நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் கோப்பையைக் கொண்டுபோய்விட்டது. எங்கள் குவார்ட்டர்பேக் மேட் ரையன் அன்று ஐந்து முறை சாக் ஆனார். போதாததற்கு லைனின் இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் டேக்கிள் ஜேக் மேத்யூஸ் முக்கியமான கட்டத்தில் ஹோல்டிங் (எதிராளியைக் கையால் பிடித்து நிறுத்தும் தவறு) செய்து பத்து கஜத்தைப் பறிகொடுத்தார். லைன் தன் வேலையைச் செய்திருந்தால் கோப்பை எங்களுடையது. கோச் என்ன ப்ளே சொன்னாலும் எதிரே வருகிறவனை நிறுத்தவேண்டியது அந்த ஐந்து பேர்தானே?

என் மகன் பள்ளி அணியில் லெஃப்ட் கார்ட், லைனில் லெஃப்ட் டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவன். "உன் ஆளை நீ நிறுத்து, மற்றதைப் பற்றி யோசிக்காதே" என்றுதான் அவனிடம் சொல்லிவருகிறேன். நான் சொல்வது தப்பா?

ஒரு வாசகர், ஜார்ஜியா

*

அன்புள்ள நண்பருக்கு,

மகனிடம் நீங்கள் சொல்வது தப்பே இல்லை. களத்தில் நிற்கும் பையனுக்கு அதுதான் சரியான புத்திமதி. ஆனால் வீட்டில் உட்கார்ந்து யார்மேல் குற்றம் என்று முடிவு செய்யும் நமக்கு அது போதாது. நிறுத்து என்றால் எவ்வளவு நேரம்? எந்த இடத்தைக் காத்துக்கொண்டு? என்ன வரப்போகிறது என்று எதிரே நிற்பவனுக்குத் தெரியுமா? இவை மூன்றும் லைன்மேனின் கையில் இல்லை. ப்ளே சொல்கிறவர் வாயைத் திறக்கும்போதே முடிவாகிவிடுகின்றன.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். குவார்ட்டர்பேக் மூன்று காலடி பின்வாங்கி உடனே எறிகிற ப்ளேயில் பந்து ஏறக்குறைய இரண்டு நொடியில் கையை விட்டுப் போய்விடும். அதில் லைன்மேன் பின்னால் நகரவே தேவையில்லை. முன்னால் பாய்ந்து எதிராளியின் நெஞ்சில் முட்டி, அவன் கையைத் தூக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஏழு காலடி பின்வாங்கி, பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் இருபது கஜம் ஓடி முடிக்கும்வரை காத்திருக்கும் ப்ளேயில் அதே மனிதர் மூன்று, மூன்றரை நொடி தாங்கவேண்டும். 140 கிலோ உடம்பைப் பின்பக்கமாக நகர்த்திக்கொண்டே, தன்னைவிட வேகமான ஒருவர் முன்பக்கமாக ஓடிவருவதைத் தாங்க வேண்டும். இரண்டும் ஒரே வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விளையாட்டு சேனல் ஈஎஸ்பிஎன் வைத்திருக்கும் பாஸ் ப்ளாக் (எறியும்போது தடுப்பது) கணக்கில், தன் ஆளை 2.5 நொடி தாங்கிவிட்டால் லைன்மேன் வென்றதாகப் பொருள். அப்படியானால் மூன்றரை நொடி தேவைப்படும் ப்ளேயில் ஐந்து பேரும் அந்தக் கணக்குப்படி வென்றிருக்கலாம், குவார்ட்டர்பேக் மட்டும் தரையில் கிடக்கலாம். மறுநாள் பேப்பரில் வருவது சாக் எண்ணிக்கை மட்டும்தான்.

இதன் மறுபக்கம் 2013-இன் டென்வர் பிராங்கோஸ். லெஃப்ட் டேக்கிள் ரையன் க்ளேடி இரண்டாவது ஆட்டத்திலேயே அடிபட்டு அந்த சீசனை விட்டே வெளியேறினார். குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்தைக் காக்கும் ஆள் அவர். அவர் இடத்துக்கு வந்தவர் க்றிஸ் க்ளார்க், மாற்று ஆட்டக்காரர். குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங் அந்த வருடம் 659 முறை எறிந்தார். சாக் ஆனது 18 முறை. அணி எடுத்தது 606 புள்ளிகள், லீக் வரலாற்றிலேயே அதிகம். க்ளார்க் ஒரே வாரத்தில் க்ளேடி ஆகிவிடவில்லை. பந்து சீக்கிரம் கையை விட்டுப் போனது. எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து மேனிங் லைனிலேயே ப்ளேயை மாற்றினார். க்ளார்க்கிடம் கேட்கப்பட்ட நொடிகள் குறைவு.

இடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குவார்ட்டர்பேக் எங்கே நிற்பார் என்று நம்பித்தான் டேக்கிள் தன் கோணத்தை வைக்கிறார். குவார்ட்டர்பேக் இரண்டு கஜம் கூடுதலாகப் பின்னால் போய்விட்டால், சுற்றிக்கொண்டு வருகிறவனுக்கு நேர்வழி கிடைத்துவிடும். டேக்கிளுக்கு முதுகில் கண் கிடையாது.

இப்போது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றும் விஷயத்துக்கு, எதிராளிக்குத் தெரியுமா தெரியாதா என்பதற்கு வருகிறேன். அதற்கு உங்கள் ஃபால்கன்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த அணியை நானும் நேசித்தேன்.

2016 சீசனில் ஃபால்கன்ஸ் 540 புள்ளிகள் எடுத்தது, லீக்கிலேயே அதிகம். ப்ளே சொன்னவர் கைல் ஷனஹான். 90-களில் டென்வரில் அவருடைய அப்பா மைக் ஷனஹானும் லைன் கோச் அலெக்ஸ் கிப்ஸும் வளர்த்தெடுத்த வழி அவருடையது. பந்து கிளம்பியதும் ஐந்து பேரும் ஒரே திசையில் பக்கவாட்டில் ஓடுவார்கள், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் பின்னாலேயே வந்து இடைவெளி பார்த்து நுழைவார். 1998-இல் டெரல் டேவிஸ் 2,008 கஜம் ஓடியது இந்த வழியில்தான். இதன் உண்மையான பலன் அடுத்த ப்ளேயில் தெரியும். லைன் அதே மாதிரி கிளம்பும், எதிரணி முழுதும் அந்தப் பக்கம் ஓடும், குவார்ட்டர்பேக் பந்தை ஒளித்துக்கொண்டு மறுபக்கம் போய் எறிவார். இது ஓட்டம் அல்ல, எறிதல் என்று எதிராளி உணர்வதற்குள் ஓர் அடி போய்விடும். லைன்மேனுக்கு அந்த ஓர் அடி பெரிய வரம். அதே ஐந்து பேர் அந்த வருடம் முழுக்கச் சேர்ந்து ஆடினார்கள். அவர்களுக்கு அந்த வரம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

சரி, சூப்பர் பவுலுக்கு வருவோம். கடைசிக் கால்பகுதியில் எட்டரை நிமிடம் பாக்கி, 28-12. ஃபால்கன்ஸுக்கு மூன்றாவது டவுன், அதாவது பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது; தேவை ஒரே ஒரு கஜம். அன்று ஃபால்கன்ஸ் ஓடியது 18 முறை, கிடைத்தது 104 கஜம். ஓட்டத்துக்குச் சராசரியாக ஐந்தரைக்கு மேல். அவ்வளவு நன்றாக முன்னால் தள்ளிக்கொண்டிருந்த லைனை, ஒரு கஜம் தேவைப்பட்ட இடத்தில் பின்னால் நகரச் சொன்னது அந்த ப்ளே. ரையன் தூரமாக எறியப் போனார். பேட்ரியட்ஸின் டான்டா ஹைடவர் ஓரத்திலிருந்து வந்து பந்தைத் தட்டிவிட்டார், பேட்ரியட்ஸ் கைப்பற்றியது. ஹைடவரைத் தடுக்கவேண்டியவர் ரன்னிங் பேக் டிவான்டா ஃப்ரீமன். அவர் தவறவிட்டார். நீங்கள் லைன் பெயரில் எழுதிய ஐந்து சாக்குகளில் ஆட்டத்தையே திருப்பியது இது, இதில் லைன்மேன் யாருக்கும் பங்கில்லை.

அடுத்தது இதைவிட வேதனையானது. 28-20. ஜூலியோ ஜோன்ஸ் எல்லைக்கோட்டருகே அந்த அற்புதமான பந்தைப் பிடித்தார், ஃபால்கன்ஸ் பேட்ரியட்ஸின் 22-ஆவது கஜத்தில் நின்றது. நாலரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பாக்கி. அங்கிருந்து ஒரு ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்தாலே 31-20, எதிரணிக்கு இரண்டு முறை புள்ளி எடுத்தாக வேண்டிய நிலை. முதல் டவுனில் ஓடி ஒரு கஜம் இழந்தார்கள். பரவாயில்லை, இன்னும் இரண்டு முறை ஓடினாலும் கோல் தூரத்துக்குள்தான் இருப்பார்கள், கடிகாரமும் ஓடும். இரண்டாவது டவுனில் மறுபடியும் ரையன் பின்வாங்கினார். ட்ரே ஃப்ளவர்ஸ் உடைத்துக்கொண்டு வந்து வீழ்த்தினார், பன்னிரண்டு கஜம் போயிற்று. இது லைனின் தோல்வி, மறைக்கமாட்டேன். ஆனால் அந்த இடத்தில் பந்தை எறிய என்ன அவசியம் இருந்தது? லைனுக்கு நடுவில் நின்ற சென்டர் அலெக்ஸ் மேக், கால் எலும்பு முறிந்த நிலையில் ஆடிக்கொண்டிருந்தார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்றாவது டவுன், 23 கஜம். எறிவார்கள் என்பது அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பக்கவாட்டு ஓட்டம், ஏமாற்று, அந்த ஓர் அடி வரம் எதுவும் இனி கிடையாது. எதிராளி ஓட்டத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு முழு வேகத்தில் வரலாம். மேத்யூஸ் ஹோல்டிங் செய்தது அந்த நிமிடத்தில். அவருடைய கை தப்பான இடத்தில் இருந்தது உண்மைதான். அந்தக் கையை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது முந்தைய டவுனின் முடிவு. அப்புறம் பந்தை உதைத்துக் கொடுத்தார்கள், பேட்ரியட்ஸ் 91 கஜம் வந்து சமன் செய்தது.

பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியும் அன்று ஐந்து முறை சாக் ஆனார் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். அவர் எறிந்தது 62 முறை, ரையன் 23 முறை. பின்தங்கியிருந்தவர் எறியத்தான் வேண்டும். முன்னிலையில் இருந்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இதனால் ப்ளே சொல்வதே எல்லாம் என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். 2021 சூப்பர் பவுலில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் இரண்டு டேக்கிள்களும் இல்லாமல் டாம்பா பேவை எதிர்கொண்டது. குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் உயிருக்குப் பயந்தவர்போல ஓடினார், சீஃப்ஸ் 31-9 என்று தோற்றது. இரண்டு வருடம் கழித்துப் புது லைனோடு வந்தார்கள். எதிரே ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், அந்த சீசனில் 70 சாக் எடுத்த அணி. அன்று ஒரு சாக்கூட இல்லை. ஆட்கள் மாறியது பெரிய காரணம். ஆனால் முதல் ஆட்டத்தில் 49 முறை எறிந்த மஹோம்ஸ் இரண்டாவதில் எறிந்தது 27 முறைதான், அணி ஓடியே 158 கஜம் எடுத்தது. 2025-இல் அதே ஈகிள்ஸ் ஒரு ப்ளிட்ஸ்கூட (குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கக் கூடுதல் ஆட்களை விடுவது) அனுப்பாமல், நான்கு பேரை வைத்தே மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தியது. கூடுதல் ஆள் வராதபோது திட்டத்தால் ஏமாற்ற இடமும் குறைவு. அன்று லைன் தோற்றது, அதை வேறு எப்படியும் சொல்ல முடியாது.

எனக்குக் கோபம் ஒன்றில்தான். ரிசீவர் தவறவிட்டால் அடுத்த பந்தைப் பிடித்து ஈடுகட்டலாம். ப்ளே சொன்னவர் அடுத்த வருடம் வேறு அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போகலாம், ஷனஹான் அப்படித்தான் சான் ஃபிரான்சிஸ்கோ போனார். லைன்மேன் எழுபது ப்ளேயில் அறுபத்தொன்பதை ஒழுங்காகச் செய்திருந்தாலும், அவர் எண் டிவியில் தெரிவது தவறு என்று நடுவரின் கொடி விழுந்த அந்த ஒரு ப்ளேயில். அதனால்தான் அந்தக் கட்டுரையை எழுதினேன்.

மனம் ஒப்பினால், எட்டரை நிமிடம் பாக்கியிருந்தபோது ஆடிய அந்த ப்ளேயை மகனோடு உட்கார்ந்து திரும்பப் பாருங்கள். சத்தத்தை நிறுத்திவிடுங்கள், பந்தைப் பார்க்காதீர்கள். ஃபால்கன்ஸில் 24-ஆம் எண் ஃப்ரீமன், பேட்ரியட்ஸில் 54-ஆம் எண் ஹைடவர், அப்புறம் அந்த ஐந்து பேரின் கால்கள். லெஃப்ட் கார்டாக ஆடுகிறவன் அதைப் பார்த்து என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.